சிறகுவலையில் விழுந்த பட்டம்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. ஞாயிறு காலைப் பூசை முடிந்து, கடற்றொழிலாளர் சங்கத்தார் குடும்பத்தோடு கரைக்கு வந்தார்கள்.
2. நான் பட்டத்தை எழுப்பினேன்.
3. பட்டம் என்னை எழுப்பியது.
4. அண்ணன் ஒருவர் மட்டும் "விடு" என்று கத்தினார். கரையில் நின்ற மற்ற எல்லோரும் "விடாதை" என்று கத்தினார்கள்.
5. நான் பெரும்பான்மையோடு போனேன்.
6. போன வழியில் சங்கத் தலைவரின் வலை இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு கருவி பழுதானால் நான் இப்படித்தான் எழுதிக் கொடுப்பேன். மருந்தேற்றும் பம்ப், சுவாசம் கொடுக்கும் இயந்திரம் போன்றவற்றைச் சோதித்துத் திருத்துவது என் தொழில். என்ன நடந்தது, எதற்குப் பிறகு எது நடந்தது, அவ்வளவுதான். யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்பதற்கு அந்தத் தாளில் இடம் விடுவதில்லை. ஆனால் இந்த ஆறு வரியைக் கேட்டுவிட்டு "அவ்வளவுதானோ?" என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எனக்கு உண்மையாகவே பயம் வந்தது ஆறாவது வரிக்குப் பிறகுதான்.

முதலில் அண்ணன். பெயர் கஜன். கல்பிட்டிப் பக்கம் கைற் சேர்ஃபிங் பழக்கும் ஓர் இடத்தில் சில வருடங்கள் வேலை செய்தார். (கைற் சேர்ஃபிங் என்றால், காலில் ஒரு பலகை, இடுப்பில் ஒரு பட்டி, பட்டியில் கொளுவிய கயிறுகளின் மறுமுனையில் எங்கள் வீட்டுச் சாமியறையைவிடப் பெரிய ஒரு பட்டம். காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் உங்களை இழுக்கும், நீங்கள் தண்ணீருக்கு மேலே வழுக்கிக்கொண்டு போவீர்கள். போகவேண்டும்.) போன வருடம் அண்ணன் மோட்டார் சைக்கிளை விற்றுப் பாவித்த பட்டங்கள் இரண்டை வாங்கிக்கொண்டு கொக்குவிலுக்குத் திரும்பி வந்தார். எங்களிடமும் காற்று இருக்கிறது, அலையில்லாத ஆழமற்ற பரவைக்கடல் இருக்கிறது, இங்கேயே ஒரு பள்ளி தொடங்கப்போகிறேன் என்றார்.

அம்மாவுக்குப் பள்ளி விளங்கவில்லை. மகன் வீட்டில் சாப்பிடுகிறான் என்பது விளங்கியது. அது போதுமாக இருந்தது.

பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப் பக்கம் போகும் வழியில் அண்ணன் ஓர் இடத்தைத் தெரிவு செய்தார். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் அந்த இடம் விரித்த பாய்போல இருக்கும். ஆனால் அது மீனவக் கிராமம், கரையும் கடலும் அவர்களுடையவை, சங்கத்தின் சம்மதம் இல்லாமல் அங்கே ஒரு செருப்பைக்கூடக் கழற்றி வைக்க முடியாது. சங்கத்தாருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. பட்டம் போய்ச் சிறகுவலையில் விழுந்தால்?

சிறகுவலை என்பது தண்ணீருக்குள் வரிசையாகக் கம்புகளை நட்டு, அதிலே கட்டி நிரந்தரமாக விட்டுவைக்கும் வலை. இரண்டு பக்கமும் சிறகு விரித்தமாதிரி நீண்டு போகும், நடுவில் ஒரு கூடு இருக்கும். கடல் வற்றும்போது இறாலும் நண்டும் சிறகோரமாக வந்து கூட்டுக்குள் போய்ச்சேரும். ஒரு குடும்பத்தின் அடுப்பு அந்தக் கூட்டை நம்பித்தான் எரியும். ஆகவே சங்கத்தார் சொன்னது நியாயம்: ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஒருக்கால் ஓடிக் காட்டுங்கோ, பார்த்துப்போட்டு அன்று பின்னேரமே முடிவு சொல்லுகிறோம். அடுத்த கிழமை அவர்களுடைய தேவாலயத் திருநாள் தொடங்குகிறது, அது முடிய வேறு வேலைகள், பிறகு சோளகமும் ஓய்ந்துவிடும். அந்த ஞாயிறு தப்பினால் அந்த வருடம் தப்பியது. வருடம் தப்பினால் அண்ணன் திரும்பவும் கல்பிட்டிக்குப் போய்விடுவார். அதை அவர் சொல்லவில்லை. ஆனால் அலுமாரிக்கு மேலே இருந்த அவருடைய பயணப்பெட்டியை நாங்கள் மூன்று பேருமே பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை எங்கள் ஊர்க் கோயிலில் தேர். வடம் இழுக்கப் போன அண்ணன் காலைப் பிரட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். கணுக்கால் பூசணிக்காய்போல வீங்கியிருந்தது.

"தர்சி, நாளைக்கு நீதான் ஓடவேணும்" என்றார்.

எனக்கு அண்ணன் பழக்கியது மொத்தம் சில வார இறுதிகள். நேராகப் போவேன், திரும்புவேன், பெரும்பாலும் நின்றபடியே திரும்புவேன். ஆனால் எனக்கு என்மேல் இல்லாத நம்பிக்கை என் பட்டியல்மேல் இருந்தது. அன்றிரவே தயார்ப் பட்டியல் ஒன்றை எழுதினேன். கயிறு நாலும் சிக்கில்லாமல் இருக்கிறதா, பட்டத்தின் காற்றுக்குழாய் இறுகியிருக்கிறதா, தலைக்கவசத்தின் வார், வற்று எத்தனை மணிக்கு, வலைக்கும் எனக்கும் இடையில் எவ்வளவு தூரம். இவை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதியது இது: பயந்தால் கைப்பிடியை விடு.

அதுதான் அண்ணனின் முதல் பாடம். இரு கையாலும் பிடிக்கும் அந்தக் கம்பியை உன் பக்கம் இழுத்தால் பட்டம் இன்னும் பலமாக இழுக்கும். விட்டால் காற்று வழுக்கிப் போய்விடும், பட்டம் சோர்ந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் இடுப்புப் பட்டியில் உள்ள சிவப்புத் துண்டைத் தள்ளு, பட்டம் செத்து விழும். ஒரு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் எங்களுடைய சின்னப்பிள்ளைகளுக்கு வேறொன்றையல்லவா விளங்கப்படுத்தியிருக்கிறார்கள். அம்மாவின் ஊர் உடுப்பிட்டி. தை மாதத்தில் அங்கே அறுவடை முடிந்த வயலெல்லாம் பட்டம்தான். காற்றில் அதிரும் விண் என்ற நாரைப் பூட்டிய பட்டம் இராமுழுக்கக் கூவும். படுக்கப்போகிறவர்கள்கூடக் கயிறைப் பனையில் கட்டிவிட்டுத்தான் படுப்பார்கள். எனக்கு ஏழு வயதில், ஒரு கொக்குப்பட்டம் இழுத்த இழுப்பில் கயிறை விட்டுவிட்டேன். அது வல்லை வெளிப் பக்கம் போனது போனதுதான். அதைக் கட்டியவர் அண்ணன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. கதைத்தபோது சொன்னது ஒரே வசனம்: "செத்தாலும் கயிறை விடக்கூடாது."

எழுதிய பட்டியல் சட்டைப்பையில் இருந்தது. இந்த வசனம் விரல்களில் இருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்பது, எந்தக் கருவியின் கோளாறையும் கண்டுபிடிக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு காலை பூசை நீண்டது. திருநாள் ஒழுங்குகளை அறிவித்தார்கள், பிறகு அதைப் பற்றிக் கதைத்தார்கள். நான் கணக்குப் போட்ட நேரத்தில் இடுப்பளவாக இருந்த தண்ணீர், அவர்கள் வந்துசேர முழங்காலுக்கு வந்துவிட்டது. வலையின் கம்புகள் வரிசையாக வெளியே தெரிந்தன. காற்றும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் கைத்தடியை ஊன்றியபடி வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

சங்கத் தலைவர் மரியநாயகம் ஐயா. வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய சாரம். எனக்குக் காற்றின் கீழ்ப்பக்கமாக, அதாவது காற்று தள்ளும் திசையில், கிட்டத்தில் இருந்த சிறகுவலை அவருடையது. அவர் மனைவி திரேசா அக்கா பூசைக்கு உடுத்த சேலையோடு வந்திருந்தார். நான் சபைக்கு முன்னால் நின்று பாதுகாப்பு ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பாதியில் திரேசா அக்கா பக்கத்தில் நின்றவரிடம், எனக்கும் கேட்கக்கூடியதாக, "பிள்ளை வாசிச்சு முடியக் காத்து நிண்டிடும்" என்றார்.

ஐயா பட்டத்தைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார். "தம்பி, உதுக்கு வாலில்லை?"

"உதுக்கு வால் தேவையில்லை ஐயா" என்றார் அண்ணன்.

"விண்ணும் இல்லை?"

"இல்லை ஐயா."

"அப்ப உது என்னெண்டு பட்டம்?"

அவர் திருப்தியில்லாமல், தன் வலையைக் காவல் காப்பதற்காகத் தண்ணீருக்குள் இறங்கி, வலையோரமாகப் போய் நின்றார். அந்த நேரத்தில் அது எனக்கு அவமானமாக இருந்தது. (பிறகு வேறு பல விடயங்கள் அவமானமாக இருந்ததால் இது பட்டியலில் கீழே போய்விட்டது.)

நான் ஓடினேன். இதை எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் யாரும் இதைச் சொல்வதில்லை. முதல் ஓட்டம் நன்றாகவே ஓடினேன். பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது, கரையோரமாகப் போய்த் திரும்பி வந்தேன், பிள்ளைகள் கை தட்டினார்கள். அண்ணனின் முகத்தில் சிரிப்பு வரத் தொடங்கியது. அது முழுச் சிரிப்பாக வருவதற்குள் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது.

பட்டம் இழுத்தது. நான் பயந்தேன். பயந்தவுடன் என் கைகள் என்னைக் கேட்காமல் கைப்பிடியை நெஞ்சோடு சேர்த்து இழுத்தன. பட்டம் இரட்டிப்பாக இழுத்தது. பலகை காலைவிட்டுப் போனது. ஒரு கணம் கீழே என் நிழல் தண்ணீரில் தனியாக ஓடுவதைப் பார்த்தேன். பிறகு முகம் குப்புற விழுந்து, சாதாளைப் பாசியும் சேறும் வாய்க்குள் போக, மேசை துடைக்கும் துணிபோலப் பரவைக்கடலைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"விடு தர்சி! கையை விடு!" அண்ணன்.

"விடாதை பிள்ளை! இறுக்கிப் பிடி!" ஊர்.

அண்ணன் ஒருவர். ஊர் நாற்பது ஐம்பது பேர். அதுவும் ஊர் சொன்னது என் விரல்களுக்குத் தெரிந்த மொழி. இறுக்கிப் பிடித்தேன். கம்புகள் வரிசையாக என்னை நோக்கி வந்தன. முதல் கம்பு தோளில் பட்டு முறிந்தது, இரண்டாவது முறியவில்லை, அதற்குள் வலை என்னைச் சுற்றிக்கொண்டது. பட்டம் வலைக்கு அப்பால் தண்ணீரில் பொத்தென்று விழுந்தது.

எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்தேன். இருமினேன். கை, கால், பல் எல்லாம் இருக்கிறதா என்று ஒழுங்காகப் பார்த்தேன். இருந்தன. கைப்பிடியும் கையில் இருந்தது.

அப்போதுதான் மரியநாயகம் ஐயாவைக் கண்டேன். எனக்கும் பட்டத்துக்கும் நடுவில், முழங்கால் தண்ணீரில் நின்றார். பட்டத்தின் நாலு கயிறில் ஒன்றை எட்டிப் பிடித்து, வலை இழுக்கும்போது சுற்றுவதுபோல உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். போகிற பட்டத்தைக் காப்பாற்றுகிறார்.

அந்தக் கயிறு நூலைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. பலம் வந்தால் கத்தி. அதைவிட மோசம், அவர் பிடித்திருந்தது திருப்புகிற கயிறு. தண்ணீரில் கிடக்கும் பட்டத்தை மறுபடி எழுப்ப நாங்கள் இழுக்கிற அதே கயிறு. அவர் இழுத்தார். பட்டத்தின் ஒரு முனை தண்ணீரிலிருந்து மெல்ல உயர்ந்தது.

"ஐயா, கயிறை விடுங்கோ" என்றேன்.

"விட்டால் பட்டம் போயிடும் பிள்ளை. நீ பயப்பிடாதை, நான் பிடிச்சிருக்கிறன்."

"போகட்டும் ஐயா. விடுங்கோ."

"முதல் நீ விடு. நீ விட்டால் நானும் விடுறன்."

"நீங்கள் விட்டால்தான் ஐயா நான் விடுவன்."

இந்த உரையாடல் நடந்தது என்பதை நான் மறுக்கவில்லை. படித்த பெண் ஒருத்தியும் ஊருக்குப் பெரியவர் ஒருவரும், சிறகுவலையின் இரண்டு பக்கமும் நின்று, பந்தியில் கடைசி வடையை "நீங்கள் எடுங்கோ" என்பதுபோல மரியாதையாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். பட்டத்தின் முனை இன்னும் உயர்ந்தது. காற்று அதற்குள் புகுந்து படபடத்தது. கயிறு இறுகியது. ஐயாவின் முகம் மாறியது. இப்போது அவர் விட நினைத்தாலும் விடமுடியாது, சுற்று கையைப் பிடித்துக்கொண்டது. விரல்கள் வெள்ளையாகின. பிறகு தண்ணீரில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

செய்யவேண்டியது எனக்குத் தெரியும். இடுப்பில் சிவப்புத் துண்டு. ஒரு கையை எடுத்து அதைத் தள்ளவேண்டும். பட்டம் செத்துவிடும், அவர் கை தப்பும். நான் என் வலது கைக்குக் கட்டளை கொடுத்தேன். கை கேட்கவில்லை. மறுபடி கொடுத்தேன். பிடி இன்னும் இறுகியது. எத்தனையோ இயந்திரங்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன், சொன்னதைக் கேட்காத ஒன்று என் உடம்பிலேயே இருக்கும் என்று நினைத்ததில்லை. அந்த மனிதரின் கை போனால் என்னால்தான் போகும் என்று தெரிந்துகொண்டே, பிடித்துக்கொண்டு நின்றேன்.

சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு திரேசா அக்கா தண்ணீரைக் கிழித்து வந்தார். புருஷனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் விசரே?"

அவர் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. ஒவ்வொரு விடியலிலும் வலையில் மாட்டிய நண்டைக் கழற்றுகிற கை அது. நண்டு கடிக்கிற பிடியை அவர் இழுத்து விடுவிப்பதில்லை, மூட்டில் அமத்துவார், அது தானாகத் திறக்கும். என் பெருவிரல் மூட்டில் அமத்தினார். திறந்தது. சுட்டுவிரல். திறந்தது. வலது கை கைப்பிடியிலிருந்து கழன்று வந்தது. நண்டாக இருந்தால் ஓலைக் கடகத்தில் போட்டிருப்பார்.

விடுபட்ட கையால் சிவப்புத் துண்டைத் தள்ளினேன். கைப்பிடி என் இடது கையிலிருந்தும் பிடுங்கிக்கொண்டு பறந்தது. பட்டம் ஒருமுறை புரண்டு, துவைத்த சேலைபோலத் தண்ணீரில் படுத்தது. ஐயாவின் கையில் இருந்த கயிறு தளர்ந்தது. திரேசா அக்கா சுற்றை அவிழ்த்து, சேலைத் தலைப்பால் அந்தக் கையைச் சுற்றி இறுக்கினார்.

ஓட்டோவில் நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே போனோம். தலையில் சாதாளையோடும், தோளில் வலைத்துண்டோடும், வெறுங்காலோடும் நான் வெளிநோயாளர் பிரிவுக்குள் போனதை என்னோடு வேலை செய்பவர்கள் இன்னும் விவரிக்கிறார்கள். ஐயாவின் உள்ளங்கை நீளத்துக்குத் தையல் போட்டார்கள். நரம்பு தப்பியது, விரல்கள் மடங்கும், தொழில் செய்யலாம் என்று வைத்தியர் சொன்னபோதுதான் நான் கதிரையில் இருந்தேன். ஐயா என்னைப் பார்த்து, "பட்டம் என்னமாதிரி, கிழிஞ்சு போச்சோ?" என்று கேட்டார். நான் அழுதேன். (அறிக்கையில் இதற்கு இடமில்லை. இங்கே இருக்கிறது.)

வீட்டுக்குப் போனபோது அம்மா பயணப்பெட்டியை இறக்கித் தூசு தட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் காலை முக்காலியில் தூக்கி வைத்தபடி இருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பின்னேரம் சங்கக் கட்டடத்தில் கூட்டம். நாங்கள் வெளியே நிற்கவேண்டும் என்பது முறை, ஆனால் யன்னல் திறந்திருந்தது. வேண்டாம் என்று பலர் சொன்னார்கள். வலை கிழிந்ததை ஒருவர் விவரித்தார், கம்புகள் முறிந்ததை இன்னொருவர். மரியநாயகம் ஐயா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு இருந்தார். எங்களுக்காகப் பேசியது திரேசா அக்கா. அவருக்குச் சங்கத்தில் உறுப்புரிமை இல்லை, ஆகவே எங்களோடு யன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார்.

"தம்பி விடு எண்டுதான் கத்தினவன். விடாதை எண்டு கத்தினது நீங்கள். நானும் கத்தினனான். வெள்ளைக்காரனுக்கு விடு எண்டால் விட்டிடுவான். எங்கடை சனம் விடாது. பழக வாறது ஆரெண்டாலும் முதல் கரையிலை நிண்டு விட்டுக் காட்டட்டும். நான் விடு எண்டு சொல்லுவன். விட்டால் தண்ணியிலை இறங்கலாம். விடாட்டில் வீட்டை போகலாம்."

பிறகு கை உயர்த்தச் சொன்னார்கள். ஐயா இடது கையை உயர்த்தினார். அவர் உயர்த்தியதைப் பார்த்து வேறு சிலரும் உயர்த்தினார்கள். ஒரு கையால் வென்றோம்.

அம்மா பெட்டியைத் திரும்ப மேலே வைக்கவில்லை. அதற்குள் பழைய துணிகளைப் போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார்.

வீட்டில் என் பெயர் கெட்டுப்போனது. குடும்பத்தில் யார் எதைப் பிடித்துக்கொண்டு தர மறுத்தாலும், அது தொலைக்காட்சி றிமோட்டோ, கல்யாண வீட்டில் ஒரு வாக்குவாதமோ, "கூப்பிடவோ திரேசா அக்காவை?" என்று கேட்கிறார்கள். கனடாவில் இருக்கிற சித்தி வீட்டிலும் கேட்கிறார்களாம். அவர்கள் திரேசா அக்காவைக் கண்டதே இல்லை.

இன்றைய நிலைமை இது. அண்ணனின் பள்ளி சோளகக் காலத்தில் நடக்கிறது. வலைப் பக்கம் சிவப்புக் கொடி நட்டிருக்கிறது, அதைத் தாண்டி யாரும் போவதில்லை. ஐயாவின் வலைக்கு அண்ணனும் நானும் புதுக் கம்பு நட்டுக் கொடுத்தோம். ஐயாவின் கை நன்றாக இருக்கிறது, மழைக்கு முன்னால் கொஞ்சம் இழுக்கிறது என்கிறார். பழக வருகிறவர்களைக் கரையில் நிறுத்தி "விடு" என்று சொல்வது திரேசா அக்காவின் வேலை. வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் முதல் தரமே தேறிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தார் இரண்டு மூன்று தரம் எடுக்கிறார்கள். எனக்கும் அதே விதிதான்.

நான் இன்னும் தேறவில்லை.